மானுக்கு வாடை எட்டும் தூரம்



அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மேட் ஸ்டட்ஸ்மேன் என்று ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. 2010-ஐ ஒட்டிய நாட்களில் அவருக்கு வேலையும் இல்லை. குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும். அப்போது தொலைக்காட்சியில் யாரோ வில்லால் மான் வேட்டையாடுவதைப் பார்த்தார். ஒரு மான் விழுந்தால் வீட்டுக்குப் பல வாரத்துக்கு இறைச்சி ஆயிற்று. கை இருப்பவர் செய்வதைக் காலால் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

அவர் அம்பு எய்யும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாதத்தால் வில்லைப் பிடித்துக்கொள்கிறார். மறு பாதத்தின் விரல்கள் அம்பை எடுத்து நாணில் கோக்கின்றன. உடம்பில் கட்டிய வாரில் ஒரு கொக்கி உண்டு. நாணை அதில் மாட்டிவிட்டுக் காலை முன்னே நீட்டுகிறார். நாம் நாணைப் பின்னால் இழுப்போம். அவர் வில்லை முன்னால் தள்ளுகிறார். இரண்டும் ஒன்றுதான். குறி அமைந்ததும் தாடையால் ஒரு சிறு விசையை அழுத்தினால் அம்பு போய்விடும். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளி, 2024 பாரிஸில் தங்கம். 2015-இல் 283.47 மீட்டர் தூரத்து இலக்கை அடித்து உலக சாதனையும் செய்தார். ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வாரிலிருந்து வந்து, பாரிஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கிய ஷீத்தல் தேவிக்கும் கைகள் இல்லை. அவருக்கும் அவரது பயிற்சியாளர்களுக்கும் வழிகாட்டியாக இருந்தது ஸ்டட்ஸ்மேனின் இந்த முறைதான்.

கட்டைவிரலைக் கொடுத்துவிட்டுப் போன ஏகலைவனுக்கு யாராவது இப்படி ஒரு கொக்கி செய்து கொடுத்திருந்தால் பாரதக் கதை எப்படித் திரும்பியிருக்குமோ! அது கிடக்கட்டும். பதக்கங்களைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். இந்த உரை பதக்கத்தைப் பற்றியதல்ல. அந்த மனிதர் வில்லைத் தொடக் காரணமாக இருந்த மானைப் பற்றியது.

நம் ஊரில் இது விசித்திரமான தலைப்பு. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை என்றால் குற்றம், வழக்கு, சிறை. அமெரிக்காவில் அது பருவத்துக்குப் பருவம் வரும் குடும்ப வழக்கம். தாத்தா பேரனைக் கூட்டிக்கொண்டு போவார். எந்த விலங்கை, எந்த மாதத்தில், எந்த ஆயுதத்தால், எத்தனை கொல்லலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விதிக்கிறது. லைசென்ஸ் கட்டணமும், 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டா மீது விழும் வரியும் காட்டைப் பராமரிக்கப் போகின்றன. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அந்த வரி நூற்றுக்கு 11. 2016-இல் அரசு எடுத்த கணக்கின்படி வேட்டைக்காரர்கள் சுமார் 1.15 கோடிப் பேர். பழைய தலைமுறையோடு ஒப்பிட்டால் இது பெரிய சரிவு. ஆகவே, உடல் முடங்கியவரையும் காட்டுக்கு வரவழைக்க மாநில வனவிலங்குத் துறைகள் மெனக்கெடுவதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் படம் பாதிதான்.

மீதிப் பாதி, உரிமை. 1990 மார்ச்சில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் மாற்றுத்திறனாளிகள் பலர் சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கீழே போட்டுவிட்டு, கைகளால் ஊர்ந்து மேலே ஏறினார்கள். அந்த ஆண்டு ஜூலை 26-இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. மாநில அரசு நடத்தும் எந்தச் சேவையும் ஊனத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது அது. வேட்டை லைசென்ஸும் மாநில அரசின் சேவைதானே?

ஆனால் எந்த அளவுக்கு வளைந்துகொடுப்பது? இந்தக் கேள்வி உச்சநீதிமன்றம் வரை போனது, வேட்டையால் அல்ல, கோல்ஃபால். கேசி மார்ட்டின் என்ற ஆட்டக்காரருக்கு வலது காலில் பிறவியிலேயே இரத்த ஓட்டக் கோளாறு. மைதானம் முழுக்க நடந்தால் கால் போய்விடும். சிறு வண்டியில் போக அனுமதி கேட்டார். நடப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்றது தொழில்முறைக் கோல்ஃபை நடத்தும் பிஜிஏ அமைப்பு. 2001-இல் நீதிபதிகள் 7-க்கு 2 என்று மார்ட்டின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கோலால் பந்தை அடிப்பதுதான் கோல்ஃப். நடை அதன் உயிர் அல்ல என்றார்கள்.

அப்படியானால் வேட்டையின் உயிர் எது? காலா, கையா, கண்ணா? அமெரிக்க மாநிலங்கள் இத்தனை ஆண்டுகளாக வேட்டையிலிருந்து ஒவ்வொன்றாக உருவிப் பார்த்திருக்கின்றன. எதை எடுத்த பிறகும் அது வேட்டையாகவே நின்றது, எதை எடுத்ததும் நிற்கவில்லை என்று பார்ப்பதுதான் சுவாரசியம்.

முதலில் காலை எடுத்தார்கள். வண்டியில் உட்கார்ந்தபடி விலங்கைச் சுடுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். நடக்க முடியாதவருக்கு மட்டும் பல மாநிலங்கள் அனுமதிச் சீட்டு தருகின்றன. வண்டி நின்றிருக்க வேண்டும், துரத்தக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. விஸ்கான்சினும் பென்சில்வேனியாவும் இப்படி அனுமதிப்பவை. வேட்டைக்காரர்கள் மரத்தில் பரண் கட்டி அமர்வது வழக்கம். ஏற முடியாதவருக்குச் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் வாசலும், ஏறுவதற்குச் சாய்தளமும் வைத்துத் தரையிலேயே மறைவுக் குடில் போடுகிறார்கள்.

பிறகு வந்தது டிராக் சேர். பொக்லைன் இயந்திரத்தின் அடியில் ஓடுமே சங்கிலிப் பட்டை, அதேபோல் இரண்டு ரப்பர் பட்டைகள் மீது ஓடும் மின்நாற்காலி. சேறு, பனி, உழுத வயல், விழுந்துகிடக்கும் கிளை எதற்கும் நிற்காது. இவற்றில் பேர்பெற்ற ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் மின்னசோட்டா மாநிலத்து மார்ஷல் என்ற சிற்றூரில் இருக்கிறது. விபத்தில் முடங்கிய தன் மகன் மறுபடி வெளியே போய்வர வேண்டும் என்று ஒரு தந்தை தொடங்கியது. விலை பத்தாயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். மூத்தோருக்கும் நீண்டகால ஊனமுற்றோருக்குமான அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்குக் காசு தராது. வீட்டுக்குள் நடமாடத் தேவைப்படும் நாற்காலிக்குத்தான் அது பணம் கட்டும்; வாசற்படிக்கு அப்பால் அதற்கு அக்கறை இல்லை. அதனால் தொண்டு அமைப்புகளும் மாநிலப் பூங்காக்களும் நாற்காலிகளை வாங்கிவைத்து, வேண்டியவருக்கு எடுத்துக் கொடுக்கின்றன. மிச்சிகன், கொலராடோ, ஜார்ஜியா, மின்னசோட்டா பூங்காக்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சட்ட வேடிக்கை. 1964-இன் வனாந்தரச் சட்டப்படி, அவ்வாறு அறிவிக்கப்பட்ட கூட்டரசுக் காடுகளில் மோட்டார் வண்டி நுழையக் கூடாது. சக்கர நாற்காலி? அதற்குத் தடை இல்லை என்று 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தெளிவுபடுத்தியது. எது சக்கர நாற்காலி என்பதற்கும் இலக்கணம் வகுத்தது. நடமாட்டக் குறைபாடு உள்ளவருக்காக மட்டுமே செய்யப்பட்டதாக, கட்டடத்துக்குள் ஆட்கள் நடக்கும் இடத்தில் ஓட்டத் தக்கதாக இருக்க வேண்டும். அதாவது, மனிதக் கை படாத காட்டுக்குள் போக வேண்டுமானால், வரவேற்பறைக்கு ஏற்ற வண்டியில் வர வேண்டும்! நான்கு சக்கர மோட்டார் வண்டிகள் இந்தச் சந்தில் நுழைந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. நியாயம் புரிகிறது, சிரிப்பும் வருகிறது.

அடுத்தது கை. வில் வேட்டைக்குத் தனிப் பருவம் உண்டு, துப்பாக்கிப் பருவத்தைவிட நீளமானது, அமைதியானது. நாணை இழுத்து, மான் திரும்பும் வரை அசையாமல் பிடித்திருப்பதில்தான் பெருமை. தோள் பழுதானவர், ஒரு கை இழந்தவர், தசை தளர்ந்தவர் என்ன செய்வார்? அவர்களுக்காக முதலில் திறந்த கதவு கிராஸ்போ. துப்பாக்கிக் கட்டை போன்ற ஒன்றின் முனையில் வில்லைக் கிடையாகப் பொருத்தியிருக்கும். முன்கூட்டியே நாணை இழுத்து மாட்டிவிடலாம். வேறொருவர்கூட மாட்டித் தரலாம். பிறகு விசையை அழுத்தினால் போதும்.

வில்லாளிகள் எளிதில் விடவில்லை. இது வில்லா, துப்பாக்கியின் தம்பியா என்று பல மாநிலங்களில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. விஸ்கான்சினில் மாற்றுத்திறனாளிகளுக்கும் 65 வயது கடந்தவர்களுக்கும் மட்டும் என்றிருந்த கிராஸ்போ, 2014-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே சாதாரண வில்லில் விழும் மான்களைவிடக் கிராஸ்போவில் விழும் மான்கள் அதிகமாகிவிட்டன. சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தில் தள்ளுவண்டிக் குழந்தையும் சூட்கேஸ் பயணியும் ஏறிப்போவதைப் போன்ற கதைதான். வில்லாளிகளின் பயம் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் கிராஸ்போவோடு வந்து சேர்ந்த கூட்டத்துக்குக் காரணம் ஊனமுற்றவர் அல்ல.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர் இருக்கிறார். அவருக்கான ஏற்பாடு பார்க்கப் பட்டறைச் சாமான் போல இருக்கும். நாற்காலியோடு ஒரு தாங்கி. அதில் துப்பாக்கி பூட்டப்பட்டிருக்கும். சிறு மோட்டார் அதை இடவலமாகவும் மேல்கீழாகவும் நகர்த்தும். நகர்த்துவது தாடையருகே இருக்கும் குச்சி. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் கண் வைக்கக் குனிய முடியாது, ஆகவே ஸ்கோப்பின் பின்னால் ஒரு கேமராவோ செல்போனோ மாட்டி, காட்சியைத் திரையில் கொண்டுவந்துவிடுகிறார்கள். உதட்டோரம் ஒரு பிளாஸ்டிக் குழாய். குறுக்குக்கோடு மானின் முன்தோளுக்குப் பின்னால் நிலைத்ததும், இளநீர் உறிஞ்சுவது போல ஒரு சிறு உறிஞ்சல். அந்தக் காற்றழுத்த மாற்றம் விசையை இழுத்துவிடும். குளிர்காலையில் குழாய்க்குள் மூச்சின் ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி துடைக்க வேண்டும். துடைத்து விடுவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

கண்ணையும் எடுத்துப் பார்த்தார்கள். பார்வையற்றவர் வேட்டையாடுவதா என்று கேட்டதும் நமக்குத் தசரதன் நினைவு வராமல் இருக்காது. இருட்டில் ஒலியை வைத்து எய்தான். யானை நீர் குடிக்கிறது என்று நினைத்தான். குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த பிள்ளை விழுந்தான். அந்தப் பிள்ளைதான் பார்வையற்ற பெற்றோருக்குக் கண்ணாக இருந்தவன். அமெரிக்காவில் வேட்டைக்காரருக்குத் தரும் பாதுகாப்புப் பயிற்சியில் அடிநாளிலேயே சொல்லும் விதி, இலக்கு இன்னதென்று உறுதியாகத் தெரியாமல் விசையைத் தொடாதே என்பது. தசரதன் அந்த வகுப்பில் தேறியிருக்க மாட்டான்.

டெக்சாஸ் 2007-இல் இயற்றிய சட்டம் இதை இப்படித் தீர்த்தது. சட்டப்படி பார்வையற்றவர் என்று சான்று பெற்றவர், மற்றவருக்குத் தடைசெய்யப்பட்ட லேசர் குறிகாட்டியைத் துப்பாக்கியில் பொருத்திக்கொள்ளலாம். கூடவே பார்வையுள்ள ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு வயது 13-க்குக் குறையக் கூடாது. பின்னாலிருந்து அவர் மானைப் பார்க்கிறார், லேசர் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்கிறார், காதோடு சொல்கிறார்: கொஞ்சம் இடது, மேலே, நில். சுடுவது பார்வையற்றவர். பதின்மூன்று வயதுப் பேத்தி தாத்தாவுக்குக் கண்ணாக இருப்பதற்குச் சட்டம் இடம்விட்டிருக்கிறது. விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களிலும் இதைப் போன்ற அனுமதி உண்டு.

காலை எடுத்தாயிற்று, கையை எடுத்தாயிற்று, விரலையும் கண்ணையும் எடுத்தாயிற்று. வேட்டை இன்னும் நிற்கிறது. எங்கே விழுந்தது என்பதற்கும் டெக்சாஸ்தான் சாட்சி, அதுவும் இரண்டு ஆண்டு முன்பே.

2005-இல் சான் அன்டோனியோ பகுதியைச் சேர்ந்த ஒருவர், பண்ணை ஒன்றில் துப்பாக்கியையும் கேமராவையும் பொருத்தி இணையத்தோடு இணைத்தார். ‘லைவ்-ஷாட்’ என்று பெயர். கட்டணம் செலுத்தியவர் எந்த ஊரிலிருந்தும் கணினித் திரையைப் பார்த்துச் சுடலாம். காட்டுக்குப் போக முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு இது வரப்பிரசாதம் என்பது அவரது வாதம். இந்தியானா மாநிலத்தில் படுக்கையோடு இருந்த, கழுத்துக்குக் கீழ் அசைவற்ற ஒருவர் வாயால் இயக்கிப் பார்க்கவும் முன்வந்தார். குறிவைக்க இருந்த விலங்குகளில் வெளிமானும் ஒன்று. நம் கிண்டியில் திருகிய கொம்போடு நிற்கிறதே, அதே வெளிமான். 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுபோகப்பட்ட இனம், அங்கே பண்ணைகளில் பெருகிவிட்டது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. விலங்குநல அமைப்புகள் எதிர்த்தன, அது எதிர்பார்த்ததே. அவர்களோடு எந்நாளும் மல்லுக்கு நிற்கும் வேட்டைக்காரர் சங்கங்களும் அதே வரிசையில் வந்து நின்றன. டெக்சாஸ் அந்த ஆண்டே தடுத்தது. பிறகு பெரும்பாலான மாநிலங்கள் தடைபோட்டன.

சற்று யோசியுங்கள். காட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் திரை, மோட்டார், வாயால் இயக்கும் விசை. படுக்கையில் இருப்பவருக்கும் அதே திரை, அதே மோட்டார், அதே வாய். ஒன்றுக்கு மாநிலம் சீட்டு தருகிறது, இன்னொன்றைக் குற்றம் என்கிறது. கருவியில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் மானின் மூக்கில் இருக்கிறது. காட்டில் இருப்பவரின் வாடை மானுக்கு எட்டும். காற்று திரும்பினால் அது ஓடித் தப்பிக்கும். இந்தியானாவில் படுத்திருப்பவரின் வாடையை டெக்சாஸ் மான் எப்படி முகரும்? வேட்டைக்காரர் அங்கே உடம்போடு இருக்க வேண்டும், அந்த உடம்பு எந்த நிலையில் இருந்தாலும் சரி என்பதுதான் அந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் கோடு. சட்டப் புத்தகத்தில் எங்கும் இப்படி எழுதியிருக்காது. ஆனால் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

இதெல்லாம் சரி, கொல்வதை எளிதாக்குவதற்கு இத்தனை புத்தியா என்று இந்த அவையில் சிலர் மனதுக்குள் கேட்பது தெரிகிறது. அமெரிக்காவிலும் கேட்டார்கள். 1996-இல், கடும் நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் ‘மேக்-எ-விஷ்’ அறக்கட்டளை, மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு பதின்வயதுப் பையனின் அலாஸ்காக் கரடி வேட்டை ஆசைக்கு உதவியபோது நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. அதன் பிறகு அந்த அறக்கட்டளை துப்பாக்கி சம்பந்தப்பட்ட ஆசைகளை ஏற்பதில்லை என்று நிறுத்திக்கொண்டது. மறுக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பென்சில்வேனியாவில் ‘ஹன்ட் ஆஃப் எ லைஃப்டைம்’ என்று தனியாக ஓர் அமைப்பே தோன்றியது. வேட்டையே வேண்டாம் என்பவர் எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லலாம், அது நேர்மையான வாதம். நடக்க முடிந்தவன் கொல்லலாம், முடியாதவன் கொன்றால் மட்டும் மனம் கூசுகிறது என்றால், அந்தக் கூச்சம் மானுக்காக வந்ததல்ல.

விஸ்கான்சினில் வழக்கமான துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் நாளை ஒட்டி ஒன்பது நாள். பனி விழத் தொடங்கியிருக்கும். தண்டுவடம் அடிபட்டவரின் உடம்பு தன் சூட்டைத் தானே எளிதில் சரிசெய்துகொள்ளாது. குளிர் ஏறுவது அவருக்குத் தெரியாது. உணர்வற்ற தொடையில் சூட்டுப்பொட்டலம் வைத்தால் தோல் வெந்துபோவதும் தெரியாது. ஆகவே மாற்றுத்திறனாளிகளுக்கென்று அக்டோபர் தொடக்கத்திலேயே ஒன்பது நாள் ஒதுக்குகிறார்கள். மிச்சிகனிலும் செப்டம்பர், அக்டோபரில் இதுபோன்ற நாட்கள் உண்டு. விஸ்கான்சின் ஏற்பாட்டில் தனியார் நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தைப் பதிவுசெய்து முன்வர வேண்டும். யாருக்கு எந்த மறைவிடம், யார் துணை என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். சோளக்காட்டு ஓரத்தில் ஒட்டுப்பலகையால் சாய்தளம் போட்டு, குடிலின் சன்னலை உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு வெட்டி வைப்பார்கள்.

விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும். மேலுடையில் பளிச்சிடும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ சட்டப்படி கட்டாயம். துணைக்கு வந்தவர் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, கால்களைச் சீராக வைத்து, மூத்திரப்பையின் குழாய் மடங்கவில்லையே என்று பார்த்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தருவார். உட்கார்ந்தே இருப்பவருக்குப் புண் வராமலிருக்க அடிக்கடி உடம்பின் பாரத்தை மாற்ற வேண்டும். ஆனால் அசைந்தால் மான் பார்த்துவிடும். இருட்டு கரையும்போது வெள்ளைவால் மான்கள் சோளக்காட்டைவிட்டு வெளியே வரும். முதலில் ஒரு பெண்மான், பின்னால் இரண்டு குட்டிகள். துணையாள் முழங்கையால் மெல்லத் தொடுவார். குழாய் உதட்டுக்கு வரும். குடிலின் பின்பக்கத்திலிருந்து காற்று மெதுவாகத் திரும்பி, காப்பி வாடையையும் மனித வாடையையும் வயலுக்குக் கொண்டுபோகும். பெண்மான் தலையைத் தூக்கும், முன்காலால் தரையைத் தட்டும், மூக்கால் சீறும். அடுத்த நொடி மூன்று வெள்ளை வால்கள் மட்டும் மரங்களுக்கிடையில் தெரியும்.